1:50 எக்ஸ்கவேட்டர் மாதிரிகளில் கருவிகளை மாற்றிப் பொருத்துவது: மூன்று வண்டிகளுக்கும் ஒரே கப்ளர் போதுமா?

செயின்வண்டி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1:50 அளவில் மூன்று எக்ஸ்கவேட்டர் மாதிரிகள் உள்ளன. ஒன்று 22 டன் வகை, மற்றொன்று 30 டன் வகை. இவை இரண்டும் செயின் வண்டிகள். மூன்றாவது டயரில் ஓடும் 15 டன் வகை. மூன்றையும் தயாரித்த நிறுவனங்கள் வேறு வேறு. மூன்றுமே சாதாரண பக்கெட்டோடுதான் வந்தன. இப்போது பிரேக்கர் (பாறை உடைக்கும் உளிக்கருவி), சுழலும் கிராப்பிள் (கவ்வித் தூக்கும் கருவி), வாய்க்கால் தூர்வாரும் அகலப் பக்கெட், ரிப்பர் (தரையைக் கீறும் பல்) ஆகியவற்றைச் சிலவற்றை வாங்கியும் சிலவற்றை நானே செய்தும் சேர்த்து வருகிறேன்.

வாங்கிய கருவிகளில் ஒன்றுகூட நேரடியாகப் பொருந்தவில்லை என்பதே என் சிக்கல். ஒரு வண்டியில் ஆர்ம் (கருவியை மாட்டும் கை) முனையின் அகலம் 6 மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இன்னொன்றில் 8 மி.மீட்டரைத் தாண்டியும் இருக்கிறது. கருவியை இணைக்கும் பின்களின் (pin) விட்டமும் 1.5 முதல் 2 மி.மீ. வரை மாறுகிறது. ஒரு வண்டிக்கு ஏற்றபடி கருவியின் காதுகளை (பின் நுழையும் துளையுள்ள தகடுகளை) அரத்தால் தேய்த்துச் சரிசெய்தால், அது மற்ற இரண்டுக்கும் பயன்படாமல் போய்விடுகிறது. அதனால் எல்லா வண்டிகளிலும் ஒரே வகைக் குயிக் கப்ளரை (கருவியை விரைவாக மாட்டிக் கழற்ற உதவும் இணைப்பியை) பொருத்தி, எந்தக் கருவியையும் எந்த வண்டியிலும் மாட்டும்படி செய்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

இதில் எனக்கு மூன்று ஐயங்கள். முதலாவது, கப்ளரை உண்மையான கொக்கி அமைப்பாகச் செய்வதா, அல்லது சிறு காந்தங்களைப் பதித்து ஒட்டிக்கொள்ளும்படி விட்டுவிடுவதா? இரண்டாவது, வார்ப்பு மாதிரியில் அடித்து இறுக்கப்பட்டிருக்கும் பின்களை, வண்ணம் பெயராமலும் வார்ப்பு விரிசல் விடாமலும் எப்படிக் கழற்றுவது? மூன்றாவது, என்றாவது ஒருநாள் இந்த வண்டிகளைப் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும் என்று தோன்றினால் அதற்கு வழி இருக்குமா? செய்து பார்த்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பித்தளைத்தகடு எழுதியது:

நண்பருக்கு வணக்கம். மூன்று வண்டிகளுக்கும் ஒரே கப்ளர் என்பதைச் சற்று மாற்றி, இரண்டு அளவுக் கப்ளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. 15 டன் வண்டிக்குச் சிறிய அளவு ஒன்று. 22 டன், 30 டன் வண்டிகள் இரண்டுக்கும் பொதுவாகப் பெரிய அளவு ஒன்று. காரணம் மிக எளியது. உண்மையான கட்டுமானப் பணியிடத்திலும் இதுதான் நடைமுறை. 30 டன் வண்டியின் பிரேக்கரை 15 டன் வண்டியில் மாட்டினால், பார்த்தவுடனேயே ஏதோ பொருந்தாமல் இருப்பது கண்ணில் பட்டுவிடும்.

அளவுகளை நீங்களாக யோசித்து உருவாக்க வேண்டியதில்லை. சுவீடனில் தோன்றி இன்று பல நாடுகளில் புழங்கும் சமச்சீர் கப்ளர் முறையில் எஸ்45, எஸ்60, எஸ்70 என்ற வரிசை இருக்கிறது. அந்த எண் பின்னின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. எஸ்60 என்றால் பின் 60 மி.மீ., இரு பின்களின் மையங்களுக்கு இடையே 480 மி.மீ., காதுகளுக்கு இடையிலான அகலம் 340 மி.மீ. இதை 50ஆல் வகுத்தால் முறையே 1.2, 9.6, 6.8 மி.மீ. கிடைக்கும். எஸ்70இல் 70, 600, 450 என்பவை 1.4, 12, 9 மி.மீ. ஆகின்றன. உங்கள் 15 டன் வண்டிக்கு முதலாவதும் மற்ற இரண்டுக்கும் இரண்டாவதும் பொருந்தும். முன்பக்கப் பின்னும் பின்பக்கப் பின்னும் ஒரே விட்டத்தில் இருப்பதால் பக்கெட்டைத் திருப்பி மாட்டவும் முடியும். வண்டிக்கு எதிர்த்திசையில் வாய் பார்த்திருக்கும் பக்கெட்டைக் காட்சிப்படுத்த விரும்பினால் இது கைகொடுக்கும்.

இந்த முறையின் முழுப் பயனும் ஒரே ஒரு விதியைக் கறாராகப் பின்பற்றுவதில்தான் இருக்கிறது. வண்டிக்கு வண்டி மாறுபடும் ஆர்ம் அகலம், பின் விட்டம், இணைப்புத் தண்டின் நீளம் ஆகிய வேறுபாடுகள் அனைத்தையும் கப்ளரின் மேல்பாதி மட்டுமே ஏற்றுக்கொள்ள வேண்டும். கருவிப் பக்கத்தில் இருப்பவை இரண்டு காதுத் தகடுகளும் இரண்டு பின்களும் மட்டுமே. ஒரே அளவுக்குள் அவை எந்தக் கருவியிலும் இம்மியும் மாறக்கூடாது. கான்ராட், என்இசட்ஜி, டபிள்யூஎஸ்ஐ என்று எந்த நிறுவனத்தின் வண்டி பின்னால் வந்து சேர்ந்தாலும், அதற்கென ஒரு மேல்பாதியைச் செய்தால் போதும். அதுவரை சேர்த்த கருவிகள் எல்லாம் அப்படியே பொருந்திவிடும்.

செய்முறையைச் சொல்கிறேன். காதுத் தகடுகளுக்கு 0.5 மி.மீ. பித்தளைத் தகடு போதும். இரண்டு துண்டுகளைத் தனித்தனியே அளந்து துளையிட்டால் துளைகள் ஒருபோதும் நேர்கோட்டில் அமையா. ஓர் அளவில் எத்தனை கருவிகள் செய்யப் போகிறீர்களோ அத்தனைக்கும் வேண்டிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் சிறிது ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒரே கட்டாக்கி விடுங்கள். பிறகு 0.8 மி.மீ. டிரில் பிட்டால் வழிகாட்டித் துளை போட்டு, படிப்படியாக 1.2 மி.மீட்டருக்கு (பெரிய அளவில் 1.4) பெரிதாக்கி, வெளிவடிவத்தையும் கட்டாகவே அரத்தால் தேய்த்து முடித்த பின், மீண்டும் சூடாக்கிப் பிரித்துக்கொள்ளலாம். கட்டைப் பிரிக்கும்போது தகடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல ஒத்திருப்பதைப் பார்ப்பது இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பின்களுக்கு 1.2 மி.மீ. (பெரிய அளவில் 1.4) எஃகுக் கம்பி; பித்தளைக் கம்பி அந்தத் தடிமனில் எளிதாக வளைந்துவிடுகிறது.

மேல்பாதியில் முன்புறம் ஒரு கொக்கியும் பின்புறம் கீழ்நோக்கித் திறந்த ஒரு தாடையும் இருக்க வேண்டும். தாடையின் இடைவெளி பின்னைவிட 0.05 மி.மீ. மட்டும் கூடுதலாக இருக்கட்டும். உண்மையான வண்டியில் ஆபரேட்டர் முன்கொக்கியால் கருவியின் முன்பக்கப் பின்னைத் தூக்கி, பக்கெட் சிலிண்டரை நீட்டிக் கருவியை உள்நோக்கிச் சுருட்டுவார். பின்பக்கப் பின் தாடைக்குள் அமர்ந்ததும் ஆப்பு ஒன்று நகர்ந்து அதைப் பூட்டும். மாதிரியில் அந்த ஆப்புக்குப் பதிலாகத் தாடையின் குறுக்கே 0.3 மி.மீ. எஃகுக் கம்பியைச் சற்று வளைத்துப் பதித்தால், அது வில்போல விலகிப் பின்னை உள்ளே விட்டு மறுபடி மூடிக்கொள்ளும். சரியாக அமைந்தால் விரல்நுனியில் ஒரு சொடுக்கு தெரியும். அந்தச் சொடுக்கு வரும்வரை கம்பியின் வளைவைக் குறடால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள்.

காந்தம் பற்றிக் கேட்டீர்கள். 2 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிமனும் உடைய நியோடிமியம் காந்தங்கள் இந்த அளவுக்குப் பொருந்தும். ஆனால் கனமான பிரேக்கரை ஆர்ம் நுனியில் கிடைமட்டமாக நிறுத்தினால் காந்தம் மெல்ல வழுக்கும். கொக்கியே பாரத்தைத் தாங்க, தாடைக்குக் காவலாக மட்டும் காந்தத்தை வைப்பதே முறை. சாதாரண வகை நியோடிமியம் 80 பாகை செல்சியசுக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். ஆகவே பற்றவைக்கும் வேலையை முடித்த பிறகே காந்தத்தை எபாக்சியால் ஒட்ட வேண்டும்.

பின்களைக் கழற்றுவது பற்றி. பெரும்பாலான வார்ப்பு மாதிரிகளில் பின்னின் ஒரு முனையில் மட்டும் நுண்ணிய பல்வரி இருக்கும். அந்த முனைதான் வார்ப்பைக் கவ்விப் பிடித்திருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து வழுவழுப்பான முனையைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்திலிருந்து தட்டினால் பின் எளிதில் வெளிவரும். எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டினால் பல்வரி துளை முழுவதையும் கீறிக்கொண்டே வரும். அடியில் துளையிட்ட கடினமான மரக்கட்டையை வைத்து, காதின் மீது அல்லாமல் பின்னின் மீது மட்டும் விசை விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரு முனையும் அடித்துப் பரப்பப்பட்ட ரிவெட்டாக இருந்தால், ஒரு தலையை மட்டும் பின்னைவிடச் சற்றுப் பெரிய டிரில் பிட்டைக் கையால் சுழற்றிச் சுரண்டி எடுத்துவிட்டுத் தள்ளலாம். பழைய வார்ப்புகளில் கூடுதல் கவனம் தேவை. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்தால் காலப்போக்கில் வார்ப்பு உள்ளுக்குள்ளேயே அரித்து நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். மேற்பரப்பில் மயிரிழை விரிசலோ கொப்புளமோ தெரிந்தால் அந்த வண்டியில் கை வைக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாவது ஐயத்துக்கு விடை இதிலேயே அடங்கிவிடுகிறது. வண்டியின் வார்ப்பில் புதிதாக ஒரு துளைகூடப் போடாமல், ஏற்கெனவே உள்ள இரு துளைகளையும் மட்டும் பயன்படுத்தி மேல்பாதியைப் பொருத்துங்கள். கழற்றிய பின்களையும் பக்கெட்டையும் சிறு பையிலிட்டு அந்தந்த வண்டியின் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.

---

பழைய ஆபரேட்டர் எழுதியது:

மேலே உள்ள பதிவு செய்நேர்த்தியைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டது. இந்த வண்டிகளை ஓட்டியவன் என்ற முறையில் நான் சேர்க்க விரும்புவது வேறொரு பக்கம். எந்தக் கருவியும் எந்த வண்டியிலும் மாட்ட முடிவது ஒன்று. மாட்டலாம் என்பது வேறு. மாதிரிகளைக் காட்சிக்கு வைக்கும் பலர் கருவியை மிக நுணுக்கமாகச் செய்துவிட்டு, அதை இயக்குவதற்கான எண்ணெய்க் குழாய் வண்டியில் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை.

பக்கெட்டை மட்டும் கொண்ட வண்டியில் பூம் (வண்டியிலிருந்து எழும் பெரிய கை), ஆர்ம், பக்கெட் ஆகிய மூன்று வகைச் சிலிண்டர்களுக்கான குழாய்கள்தாம் இருக்கும். பிரேக்கரை மாட்ட வேண்டுமானால் பூம் நெடுகிலும் ஆர்ம் நெடுகிலும் கூடுதலாக இரண்டு எஃகுக் குழாய்கள், பக்கத்துக்கு ஒன்றாக, ஆர்மின் நுனிக்கருகே அடைப்பு வால்வு வரை ஓடவேண்டும். அங்கிருந்து கருவிக்கு இரண்டு ரப்பர் ஹோஸ்கள் போகும். ஒன்று எண்ணெயைக் கொண்டுசெல்லும், மற்றது திருப்பியனுப்பும். கிராப்பிள் என்றால் வாயைத் திறந்து மூட இரண்டு, சுழற்ற இரண்டு என நான்கு ஹோஸ்கள் வேண்டும். சாய்க்கும் பக்கெட்டுக்கு இரண்டு. ரிப்பருக்கும் வாய்க்கால் பக்கெட்டுக்கும் ஒன்றும் வேண்டாம். உங்கள் மூன்று வண்டிகளில் எதன் பூமில் இந்தக் கூடுதல் குழாய் வார்க்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இல்லாத வண்டியில் 0.6 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்து, சிறு பிடிப்பான்கள் வைத்து ஒட்டிவிடலாம். சூப்பர் க்ளூவின் ஆவி கேபினின் கண்ணாடியை வெண்மையாக்கிவிடும்; அதனால் கேபினைக் கழற்றிவிட்டோ, எபாக்சியைக் கொண்டோ ஒட்டுங்கள்.

இந்த ஹோஸ்களின் வெளிவிட்டம் உண்மையில் ஏறத்தாழ 40 மி.மீ.; 1:50இல் 0.8 மி.மீ. மின்கம்பியின் உறையைவிட, மணி கோக்கப் பயன்படும் கறுப்பு எலாஸ்டிக் நூல் இதற்கு மிகவும் ஏற்றது. கம்பி உறை விறைத்துக்கொண்டு கருவியை ஒரு பக்கமாகத் தள்ளும். எலாஸ்டிக் நூல் தன் போக்கில் தொய்ந்து நிற்கும். ஹோஸ் இறுகி இருக்கக் கூடாது. கருவி முழுவதும் சுருண்டாலும் முழுவதும் விரிந்தாலும் இழுபடாத அளவுக்குத் தொய்வு விடுவதுதான் உண்மையான வண்டியிலும் வழக்கம்.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். 22 டன் வண்டிக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு டன் வரையிலான பிரேக்கர் பொருந்தும். அதன் உளியின் விட்டம் 140 மி.மீ. அளவில் இருக்கும், மாதிரியில் 2.8 மி.மீ. கடையில் கிடைக்கும் பொதுவான பிரேக்கர் மாதிரி ஒன்றின் உளி 4 மி.மீ. இருந்தால், அது 30 டன்னைவிடவும் பெரிய வண்டிக்குரியது என்று புரிந்துகொள்ளலாம். அதுபோலவே, நீண்ட பூமும் நீண்ட ஆர்மும் கொண்ட வண்டியில் பிரேக்கரை மாட்டிக் காட்டுவது எனக்குக் கண்ணை உறுத்தும். 20 டன் வகையில் 15 மீட்டர் எட்டும் வண்டிக்கு அரை கனமீட்டருக்கு மேற்படாத இலகுவான பக்கெட்தான் தரப்படுகிறது. அந்த நீளத்தின் நுனியில் ஒன்றரை டன் எடையைத் தொங்கவிட்டால் வண்டி கவிழ்ந்துவிடும்.

நிறுத்தி வைக்கும் தோரணையிலும் சில இருக்கின்றன. பிரேக்கரின் உளி, உடைக்கும் பாறையின் பரப்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்வாக நின்றால் அது உடைப்பதில்லை, வழுக்கி உளியை முறிக்கும். செயின் வண்டி தோண்டும்போது ஓட்ட மோட்டார்கள் பின்பக்கம் இருக்க வேண்டும். பல் சக்கரம் முன்னால் தெரியும்படி வைத்த காட்சியைப் பார்த்தால் ஆபரேட்டர் எவருக்கும் கை துறுதுறுக்கும். இடிப்பு வேலைக்கான ஷியரோ (வெட்டும் கருவி) நொறுக்கியோ மாட்டினால் கேபினுக்கு முன்னும் மேலும் கம்பிக் காப்பு இருந்தே ஆகவேண்டும்.

---

செயின்வண்டி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பூம்களைப் பார்த்தேன்: 30 டன் வண்டியில் மட்டும் கூடுதல் குழாய் வார்ப்பிலேயே இருக்கிறது, மற்ற இரண்டிலும் இல்லை. ஆகவே பிரேக்கரை 30 டன் வண்டிக்கும், கிராப்பிளை டயர் வண்டிக்கும் என்று முடிவு செய்து, டயர் வண்டியில் குழாய்களை நானே பொருத்தப் போகிறேன். 22 டன் வண்டி அகலப் பக்கெட்டோடும் ரிப்பரோடும் நின்றுகொள்ளட்டும்.

இன்னும் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. அகலப் பக்கெட்டைப் பித்தளையில் வளைப்பதற்குப் பதிலாக முப்பரிமாண அச்சில் எடுத்தால் போதுமா? கப்ளரைச் சேர்த்தபின் ஆர்ம் தானாகவே கீழிறங்குவதை எப்படித் தடுப்பது? மாதிரியின் சிலிண்டர்கள் உராய்வினால் மட்டுமே நிற்கின்றன.

---

அச்சுமை எழுதியது:

அச்சில் எடுப்பது போதும். ஆனால் எந்தப் பகுதியை அச்சில் எடுப்பது என்பதில் தெளிவு வேண்டும். பக்கெட்டின் ஓடு, பற்கள், வெட்டுவிளிம்பு, பிரேக்கரின் பெட்டி போன்றவற்றை ரெசின் அச்சு மிக நேர்த்தியாகத் தரும். கொக்கி, தாடை, காது ஆகியவற்றை ரெசினில் எடுக்கவே கூடாது. ரெசின் இறுகியபின் கண்ணாடியைப் போல உடையும் தன்மையுடையது. வெயில் பட்டால் இன்னும் மோசமாகும். மேலே சொன்னபடி பித்தளைக் காதுகளைச் செய்து, பக்கெட்டின் முதுகில் அவற்றுக்கென 0.5 மி.மீ. அகலப் பள்ளங்களை வடிவமைப்பிலேயே விட்டு, அச்சான பின் எபாக்சியால் பதித்துவிடுவது என் வழக்கம். காதுகள் பள்ளத்துக்குள் ஆழமாக இறங்கி நிற்பதால், கருவியைக் கழற்றும்போது வரும் இழுப்பு ரெசினின் மேல் பரவலாக விழுகிறது.

உண்மையான பக்கெட் தகடு 20 மி.மீ. தடிமன் என்றால் 1:50இல் அது 0.4 மி.மீ. மட்டுமே. அவ்வளவு மெல்லிய ஓட்டை அச்சிட்டால், 40 மி.மீ. அகலமுள்ள வாய்க்கால் பக்கெட் காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும். ஆகவே உட்புறமாகத் தடிமனை 0.7 மி.மீ. வரை கூட்டிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் பக்கவிளிம்பை மட்டும் சாய்வாகச் சீவி 0.4 மி.மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். பார்ப்பவர் விளிம்பை வைத்துத்தான் தடிமனை மதிப்பிடுகிறார்.

பின் துளைகள் எதையாவது ரெசினில் விடுவதானால், ரெசினில் துளை எப்போதும் சற்றுச் சுருங்கியே வரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1.2 மி.மீ. பின்னுக்கு 1.3 மி.மீ. துளை வரைந்து, அச்சானபின் 1.2 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் ஓட்டிச் சுத்தம் செய்தால் சரியாக இருக்கும். வண்ணம் பூசும்போது பின்களையும் காதுகளின் உட்பக்கத்தையும் ஒட்டுநாடாவால் மறைத்துவிடுங்கள். ஒரு பூச்சுக்கு ஒரு பக்கத்தில் சில நூறில் ஒரு பங்கு மி.மீ. என்றாலும், ப்ரைமர், நிறம், மேற்பூச்சு என்று மூன்றும் சேர்ந்தால் நீங்கள் பாடுபட்டு விட்ட 0.05 மி.மீ. இடைவெளி முழுவதும் மறைந்து கப்ளர் இறுகிவிடும்.

ஒரு சிறு குறிப்பு: கருவிகளைத் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் வண்டித் தயாரிப்பாளர்களிலிருந்து வேறானவர்கள் என்பதால், கருவிகளுக்கு வண்டியின் நிறத்தையே பூசவேண்டும் என்ற கட்டாயமில்லை. மஞ்சள் வண்டியில் கருஞ்சாம்பல் பிரேக்கர் இருந்தால் அதுவே இயல்பாகத் தோன்றும்.

---

எண்ணெய்க்கோடு எழுதியது:

நான் 1:14 அளவில் ரேடியோவால் இயங்கும் எக்ஸ்கவேட்டர்களைக் கட்டுகிறேன். என்றாலும் இந்தத் திரிக்குத் தொடர்புடைய சிலவற்றைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. எங்களுக்கும் இதே எஸ்70 அளவு நன்றாக அமைந்துவிடுகிறது: பின் சரியாக 5 மி.மீ., மைய தூரம் 42.9 மி.மீ. 5 மி.மீ. எஃகுப் பின்கள் எங்கும் ஆயத்தமாகக் கிடைக்கின்றன.

எடை என்பது அளவின் கனமடியால் குறையும் என்பதால், ஒன்றரை டன் பிரேக்கர் 1:50இல் வெறும் 12 கிராம்தான் இருக்க வேண்டும். 1:14இல் ஏறத்தாழ 550 கிராம். 22 டன் வண்டி 1:50இல் 176 கிராம் இருந்தால் போதும். வார்ப்பு மாதிரிகள் அதைவிடப் பலமடங்கு கனமானவை என்பதால் உங்கள் வண்டி கவிழும் என்ற கவலை வேண்டாம். ஆனால் கப்ளரும் கருவியும் சேர்ந்து 25 கிராமைத் தாண்டினால் சிலிண்டரின் உராய்வு அதைத் தாங்காமல் ஆர்ம் இறங்கத்தான் செய்யும். ஆகவே முதல் வழி, கருவியை இலகுவாக்குவது: பிரேக்கரின் பெட்டியை உள்ளே வெற்றிடமாக விட்டு ரெசினிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ செய்துவிட்டு, உளியை மட்டும் உலோகத்தில் வையுங்கள். இரண்டாவது வழி, ஆர்மும் பூமும் சேரும் மூட்டிலுள்ள பின்னை எடுத்துவிட்டு, அதே விட்டமுள்ள அறுகோணத் தலைத் திருகாணியைச் செருகி, நைலான் பூட்டு நட்டால் இறுக்குவது. வேண்டிய அளவு உராய்வைத் திருகாணியை முடுக்கியே பெறலாம். காலப்போக்கில் தளர்ந்தாலும் மீண்டும் கால்திருப்பு முடுக்கினால் தீர்ந்தது. சிலிண்டருக்குள் பசையோ கிரீசோ வைக்கும் யோசனையைப் பலர் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. தண்டின் பளபளப்புப் போய்விடும்.

1:14இல் கிராப்பிள் செய்ய நினைப்பவர்களுக்கும் ஒன்று. சிலிண்டர் தள்ளும்போது இருக்கும் வலு, இழுக்கும்போது இருக்காது. தண்டின் பரப்பு கழிந்துவிடுகிறது. 8 மி.மீ. உள்விட்டச் சிலிண்டரில் 20 பார் அழுத்தம் கொடுத்தால் தள்ளும் விசை ஏறத்தாழ 100 நியூட்டன். தண்டு 4 மி.மீ. என்றால் இழுக்கும் விசை 75 நியூட்டன் மட்டுமே. கிராப்பிளின் வாய் மூடுவது சிலிண்டர் தள்ளும் திசையில் அமையும்படி இணைப்பை வடிவமைத்தால், கல்லைக் கவ்வும் பிடி கால்பங்குக்கு மேல் கூடுகிறது. உண்மையான கிராப்பிள்கள் பலவற்றிலும் சிலிண்டர் நீளும்போது வாய் மூடுவதற்குக் காரணம் இதுதான். பிரேக்கர் அதிர்வை மோட்டாரும் வெளிமையச் சக்கரமும் கொண்டு உண்டாக்குபவர்கள், வண்டியின் திருகாணிகள் அனைத்துக்கும் திருகுப்பூட்டுத் திரவம் இடாமல் ஓட்ட வேண்டாம்.

---

பித்தளைத்தகடு எழுதியது:

திருகாணி பற்றிய யோசனையை வழிமொழிகிறேன். 1:50 வண்டிகளில் பூம்–ஆர்ம் மூட்டுக்கு எம்1.6 அல்லது எம்2 திருகாணி பொருந்தும். திருகுவரிகள் வார்ப்புத் துளையின் சுவரைத் தேய்த்துத் துளையைப் பெரிதாக்கிவிடாதபடி, வரிகள் நட்டுக்குள் மட்டும் இருக்குமாறு பாதிவரித் திருகாணியாகத் தேர்ந்தெடுங்கள்; கிடைக்காவிட்டால் நடுவே மெல்லிய பித்தளைக் குழாயைச் செருகலாம்.

கப்ளரைச் சேர்ப்பதால் வரும் இன்னொரு மாற்றத்தையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். கருவி ஏறத்தாழ 5 மி.மீ. கீழே இறங்கிவிடுவதால், பக்கெட்டின் பற்கள் சுழலும் வட்டம் பெரிதாகிறது. முழுவதும் சுருட்டிய நிலையில் அகலப் பக்கெட்டின் முனை ஆர்மின் அடிப்பகுதியில் உரசுகிறதா என்று, பித்தளையை வெட்டுவதற்கு முன்பே அட்டையில் வெட்டிய மாதிரியைக் குண்டூசியால் குத்திச் சுழற்றிப் பார்த்துவிடுங்கள். உரசினால் காதுகளின் உயரத்தை 1 மி.மீ. கூட்டுவதைவிட, இரு பின்களையும் இணைக்கும் கோட்டைப் பக்கெட்டின் வாயிலிருந்து சில பாகை பின்சாய்ப்பதே நல்லது. உயரத்தைக் கூட்டினால் வட்டம் மேலும் பெரிதாகும்.

டயர் வண்டியில் கிராப்பிளை மாட்டும் முடிவு நல்ல முடிவு. சுழலும் கிராப்பிளுக்குப் பதிலாகச் சாய்ந்தும் சுழலும் டில்ட்ரோட்டேட்டரை அதில் செய்ய விரும்பினால், அது 360 பாகையும் சுழன்று, இரு பக்கமும் 40 முதல் 45 பாகை வரை சாயும். அதன் மேல்புறமும் கீழ்ப்புறமும் இதே எஸ்60 அளவில் இருக்கலாம் என்பதால், அந்த அளவில் நீங்கள் செய்த கருவிகள் அனைத்தும் அதன் அடியிலும் பொருந்தும். எப்படியானாலும் அந்த வண்டியைக் கருவியோடு காட்சிக்கு நிறுத்தும்போது முன்பிளேடையும் பின் ஊன்றுகால்களையும் தரையில் இறக்கி வையுங்கள்.